கோக்கோவின் எடை

முயல் நனைந்திருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஏப்ரல் கடைசி. சைகோனில் மழை இன்னும் இறங்கவில்லை. இரண்டாம் மாடி வீட்டின் சுவர்கள் கையை வைத்தால் சுடுகிற அளவுக்குக் காய்ந்திருந்தன. குழாயில் இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிடித்து வைத்திருந்த ஒரே வாளியையும் ஜூலியேத் தட்டுப் போட்டு மூடி, மேலே செங்கல் வைத்திருந்தாள். அப்படியிருக்க, சமையலறை மூலையில் மூங்கில் கூடைக்குள் ஒடுங்கிக் கிடந்த கோக்கோவின் பழுப்பு முடி, முக்கி எடுத்த துணியைப்போல உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அடியில் விரித்திருந்த செய்தித்தாளோ மொறமொறவென்று காய்ந்திருந்தது.

தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள். மூத்திர வாடை இல்லை. வுங் தாவ் கடற்கரையில் எலென் அலையில் புரண்டுவிட்டு ஓடி வந்தால் அவள் தலைமுடியில் வீசுமே, அந்த உப்பு வாடை.

எலென் அவளுடைய ஒரே மகள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையது. ஏழு வயது. மூன்று நாளுக்கு முன்னால் அப்பாவோடு வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

பின் யுவோங்கில் சொந்தக்காரர் தோட்டத்தில் மரவள்ளி நடப் போயிருக்கிறார்கள் என்று ஜூலியேத் வார்டு அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தாள். போனது பின் யுவோங்குக்கு அல்ல. ராக் யா பக்கத்தில் ஒரு கழிமுகம், அங்கே நாட்டை விட்டுத் திருட்டுத்தனமாகக் கிளம்புகிற ஒரு மீன்பிடிப் படகு, அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். "நீயும் புள்ளையும் போங்க ஜூலி, நான் பின்னால வர்றேன்" என்றுதான் அவள் கணவர் ஃபெர்னான் சொன்னார். ஜூலியேத்துக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. சின்ன வயசில் ஆற்றில் விழுந்து, மூச்சடங்கிப் போய், யாரோ முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டதிலிருந்து அவள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. "என்னால முடியாதுங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாள். எதைக் கண்டு தன் உடம்பு நடுங்குமோ, அதன் மேல் மகளை ஏற்றி அனுப்பினாள். இருட்டோடு கிளம்பும்போது எலென் தூக்கக் கலக்கத்தில் சொன்னது ஒன்றுதான்: "கோக்கோவைப் பா ஹாய்க்குக் குடுத்துடாதே மம்மான்." அம்மாவை அவள் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பா ஹாய் எதிர் வீட்டுக்காரி. இறைச்சி கண்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லாத காலம் அது. தெருவில் நாய் குறைந்துகொண்டே வந்தது.

ஜூலியேத் முயலைத் துணியால் துவட்டிவிட்டுக் கீரைத் தண்டைப் போட்டாள். கோக்கோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சாயங்காலமும் அப்படியே. கூடையில் புழுக்கை ஒன்றுகூட இல்லை.

அவள் பதினொரு வருஷம் கன்னியாஸ்திரிகளின் பிரசவ ஆஸ்பத்திரியில் தாதிக்கு உதவியாக இருந்தவள். பின்கட்டில் கன்னியாஸ்திரிகள் முயல் வளர்த்தார்கள். முயலுக்கு ஒரு நாள் குடல் நின்றுவிட்டால் மறு நாளே ஆபத்து என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். கோக்கோவைத் தூக்கி வயிற்றில் காதை வைத்தாள். நல்ல முயலின் வயிறு களகளவென்று எதையாவது முனகிக்கொண்டே இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. ஆள் இல்லாத வீட்டின் கதவில் காதை வைத்ததுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியை மூடியபோது வீட்டுக்கு எடுத்து வந்த சாமான்களைப் பரணிலிருந்து இறக்கினாள். ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை, மருந்து புகட்டும் கண்ணாடிக் குழல் இரண்டு, குழந்தைகளைத் துணித் தூளியில் போட்டு இருபத்தைந்து கிலோ வரை எடை பார்க்கும் தொங்கு தராசு. அந்தத் தராசைச் சமையலறை நிலைவாசலின் கொக்கியில் மாட்டி, கோக்கோவைத் தூளியில் வைத்தாள். வட்ட முகத்தில் முள் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நிலைக்கட்டையில், எலெனுடைய பிறந்தநாள்தோறும் அவள் எடையைக் கரித்துண்டால் எழுதி வைக்கிற வழக்கம் இருந்தது. கடைசியாக எழுதியிருந்தது பத்தொன்பது. அதன் பக்கத்தில் சின்னதாக இரண்டு என்று எழுதினாள்.

பரங்கிக்காயை வேகவைத்து மசித்தாள். ரேஷனில் அரிசிக்குப் பதிலாகப் போட்ட சோளத்தைக் கஞ்சியாக்கி அதில் கரைத்தாள். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் குழலை நுழைத்து, துளித் துளியாக விட்டு, விழுங்குகிறதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்தாள். கோக்கோ தலையை ஆட்டிற்று. முன்னங்கால்களால் குழலைத் தள்ளிற்று. அவள் விடவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கஞ்சி, நடுவே வெந்நீர்ப் பை, வயிற்றை வட்டமாக நீவி விடுதல். படகில் போனவர்களுக்குச் செய்ய முடியாததையெல்லாம் இதற்குச் செய்வதுபோல, ஓயாமல் செய்தாள்.

பா ஹாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "தானாகச் செத்தால் இறைச்சி கசக்கும். இன்றைக்கே அறுத்துவிடு, ஆளுக்குப் பாதி" என்றாள் வியட்நாமியத்தில். கெட்டவள் அல்ல. பசி.

கீழ் வீட்டு ராமாமிர்தம் மட்டும் அப்படிப் பேசவில்லை. ஐம்பது வயசு ஒண்டிக்கட்டை அவர். மார்க்கெட் பக்கத்துத் துணிக்கடை ஒன்றில் காவலுக்கு இருந்தவர், கடைக்காரர் ஊருக்குக் கப்பலேறிய பிறகு மாரியம்மன் கோயிலைப் பெருக்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஒரு பிடி அறுகம்புல்லைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார்.

"கோயில் பின்னால முளைச்சது தங்கச்சி. புள்ளையார் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பின் யுவோங்லேருந்து சேதி ஏதும் வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே."

பின் யுவோங் என்பது எது என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒவ்வொரு விடியலிலும் கோக்கோ நனைந்திருந்தது. துவட்டினால் காயும், அடுத்த விடியலில் மறுபடி ஈரம். ஆறாம் நாள் காலை ஈரம் இல்லை. கூடையில் மிளகைப்போல ஐந்து புழுக்கைகள் கிடந்தன. ஜூலியேத் தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டு, சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாமல் குலுங்கினாள். அன்று கோக்கோ குழலைத் தானாகவே கவ்விற்று. கஞ்சி தீர்ந்த பிறகும் விடவில்லை.

ஆறு நாள் பட்டினியில் எவ்வளவு இளைத்திருக்கும் என்று பார்க்கத் தூளியில் வைத்தாள்.

முள் மூன்றில் நின்றது.

வில் துருப்பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். முயலை இறக்கிவிட்டு, ரேஷன் சோளத்தின் ஒரு கிலோப் பையை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒன்று காட்டிற்று. மறுபடி முயல். மூன்று. கையால் தடவினால் முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சாகத் தட்டுப்பட்டது, விலா எலும்புகள் விசிறியின் குச்சிகளைப்போல நின்றன. ஆனாலும் மூன்று.

மே மாதம் மழை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருண்டு, தகரக் கூரைகளின் மேல் சரளைக்கல்லைக் கொட்டினாற்போல விழும், ஒரு மணி நேரத்தில் நின்றுபோகும், அதற்குப் பிறகு தெருவெல்லாம் சாக்கடையும் ஈர மண்ணும் எதிர் வீட்டு மீன் சாறும் கலந்த ஒரு வாடை மேலே ஏறி வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளும். கோக்கோ தேறிக்கொண்டு வந்தது. முடியில் மினுமினுப்பு வந்தது. கண் தெளிந்தது. கஞ்சியைக் கிண்ணத்தில் வைத்தாலே குடித்தது, ஆனால் ஜூலியேத் கையால் ஊட்டினால்தான் மிச்சமில்லாமல் குடிக்கும். பார்வைக்கு அதே பழைய அளவுதான். மடியில் வைத்தால் மட்டும் தொடை மரத்துப்போயிற்று. மே முடிவில் நிலைக்கட்டையில் ஆறு என்று எழுதினாள்.

பிறகு சத்தங்கள்.

முயல் நடந்தால் கேட்காது, தத்தினால் பஞ்சு மூட்டை விழுந்ததுபோல மெத்தென்று கேட்கும். ஜூன் மாதத்து மத்தியானங்களில், மின்சாரம் போய் மின்விசிறி நின்று, கட்டடம் முழுக்க ஆட்கள் பாயில் வியர்த்துக் கிடக்கிற நேரத்தில், ஜூலியேத் கண்ணை மூடிக்கொண்டு சமையலறையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் கூடையின் மூங்கில் கிறீச்சிடும். அப்புறம் ஓட்டுத் தரையில் ஒரு அடி. நிதானமாக இன்னொரு அடி. தத்துகிற சத்தம் இல்லை அது. செருப்பில்லாத கால், குதிகால் முதலில் பட்டு, பிறகு விரல்கள் பதிகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் கோக்கோ கூடைக்குள்தான் இருக்கும், காதைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு.

ஜூன் நடுவில், மழை விடாத ஒரு சாயங்காலம், விளக்கு ஏற்றாமல் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகு போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. அக்கரை சேர்ந்தவர்களிடமிருந்து நாலு வாரத்திலேயே சேதி வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வராவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லவில்லை. கோக்கோ அவள் மார்பில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது. அதன் கால் மெள்ளக் கழுத்து வழியே ஏறி, அவள் காது மடலைத் தேடிப் பிடித்து, நிமிண்டிற்று. விட்டது. மறுபடி நிமிண்டிற்று.

எலென் தூங்குவதற்கு முன்னால் அப்படித்தான் செய்வாள். பால் மறந்த நாளிலிருந்து, ஒவ்வொரு ராத்திரியும்.

ஜூலியேத்துக்கு உடம்பில் ஒரு மயிர்கூட மிச்சமில்லாமல் சிலிர்த்தது. கத்தவில்லை. தள்ளவும் இல்லை.

"எலென்?" என்றாள்.

முயலின் இரண்டு காதும் நிமிர்ந்தன.

அதற்குப் பிறகு அவள் அழுதாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, எதிர் வீட்டுக்குக் கேட்காமல், மழை ஓய்கிறவரை அழுதாள். படகு கவிழ்ந்துவிட்டது. அந்த முதல் நாள் ஈரமும் உப்பும் அதுதான். தான் பயந்த தண்ணீர் தன்னை விட்டுவிட்டு மகளை எடுத்துக்கொண்டது. மகளோ கரைக்குப் போகவில்லை, வானத்துக்குப் போகவில்லை, அம்மாவைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறாள். கிடைத்த உடம்பில் ஏறிக்கொண்டு வந்திருக்கிறாள். இது பைத்தியக்கார எண்ணம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

அன்று நிலைக்கட்டையில் ஒன்பது என்று எழுதினாள். தேறி வரும் பிள்ளையின் எடையை எழுதுகிற தாயின் கை அது.

அதிலிருந்து அவளுக்கு என்று அடுப்பு எரியவில்லை. வரிசையில் நின்று வாங்கி வந்த சோளம், மரவள்ளி, எப்போதாவது கிடைக்கிற கால் கிலோ அரிசி எல்லாம் குழைந்த கஞ்சியாகிக் கோக்கோவின் வாய்க்குப் போயிற்று. கண்ணாடிக் குழலை எடுத்து வைத்துவிட்டு எலெனுடைய சின்னக் கரண்டியால் ஊட்டினாள். "இன்னும் ஒரு வாய். மம்மானுக்காக ஒரு வாய்." அது ஒரு தடவைகூடப் போதும் என்று தலையைத் திருப்பவில்லை. முடியில் இருந்த கடல் வாடை எப்போதோ போயிருந்தது. இப்போது விறகுப் புகையும் ஆஸ்பத்திரி டெட்டாலும் கலந்தாற்போல ஒன்று வீசிற்று. தன் அடுப்புப் புகை, தன் பழைய ஆஸ்பத்திரிச் சாமான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜூலையில் பதினாலு.

ராமாமிர்தம் புல்லோடு வந்தவர் அவளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னம்மா இது? எலும்பும் தோலுமா ஆயிட்டியே. சாப்புடுறியா இல்லியா?"

"எனக்கு என்னண்ணே. இது தேறிடுச்சு, பாருங்க."

"இருட்டுல கெடந்தா எது தேறும்? குடு, தாவாரத்துல வெயில்ல வெக்கிறேன்." குனிந்து கூடையின் பிடியைப் பற்றித் தூக்கினார். கூடை லேசில் எழும்பவில்லை. "கல்லு கில்லு வெச்சிருக்கியா உள்ள?" என்று சிரித்துக்கொண்டே துணியை விலக்கினார்.

சிரிப்பு நின்றது. அப்படியே கூடைக்கு முன்னால் குந்திவிட்டார். பிறகு, எழுந்திருக்காமலே, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி" என்றார். "மொசலுக்கு மூக்கு ஆடிக்கிட்டே இருக்கும். தூங்குனாத்தான் நிக்கும்."

"ஆமா."

"இது கண்ணைத் தொறந்துக்கிட்டு என்னையே பாக்குது. மூக்கு ஆடல."

அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை. புல்லை வாசற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இறங்கிப் போனார். பிறகு புல்லும் வருவது நின்றது.

அவர் போனதும் ஜூலியேத் பார்த்தாள். உண்மைதான். மெழுகில் செய்து ஒட்டியதுபோல அசையாத மூக்கு. எத்தனை நாளாக இப்படி? விலாவில் காதை வைத்தாள். முயலின் இதயம் தகரத்தில் விழும் தூறலைப்போல எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும். பிரசவ அறையில் எத்தனையோ நாடி பார்த்த அவள் இதை எண்ணினாள். நிமிஷத்துக்குத் தொண்ணூறு. ஏழு வயசுக் குழந்தை அயர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அடிக்கிற நாடி.

அவளுக்குச் சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் தீர்ந்தது. கதவை உள்ளே தாழிட்டாள்.

பதினாறு. பதினெட்டு. இப்போது அதைத் தூளிக்குத் தூக்குவதற்குள் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூடையின் அடி பிய்ந்து போயிற்று. எலெனுடைய பாயை விரித்து அதில் விட்டாள். விடிந்தால் பாயில் பதிந்திருக்கும் பள்ளம் முயல் சுருண்டு படுத்த பள்ளமாக இருக்காது. நீளமாக இருக்கும். போர்வையை அவள் மடித்துத் தலைமாட்டில் வைத்திருப்பாள், காலையில் அது கழுத்துவரை இழுத்து விட்டதுபோல விரிந்திருக்கும். போர்வையின் நுனியில் ஒரு ஜோடிக் காது. அவ்வளவுதான். பழகிக்கொண்டாள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். காலையில் இருபது.

பதினோரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். விடாமல் தட்டுகிற சத்தம்.

"தங்கச்சி! தொறம்மா! கடுதாசி வந்திருக்கு!"

ராமாமிர்தம் படியேறி வந்த மூச்சிரைப்போடு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் பிரெஞ்சுத் தபால்தலை ஒட்டிய உறை. பாரிஸிலிருக்கிற ஃபெர்னானுடைய தம்பி எட்மோனின் கையெழுத்து. அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல், முகத்தைத் தாவாரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டே உறையை நீட்டினார்.

உள்ளே இரண்டு தாள். ஒன்றில் எட்மோன் பிரெஞ்சில் பொதுவாக நலம் விசாரித்திருந்தான். இன்னொன்று தமிழ். ஃபெர்னானுடைய எழுத்து, வலது பக்கம் சாய்ந்து ஓடுகிற எழுத்து. மேலே ஜூன் இருபது என்று தேதி.

'ஜூலி, ஆறு நாள் கடலில் இருந்துவிட்டு மலேசியக் கரை சேர்ந்தோம். தீவு முகாமில் இருக்கிறோம். நான் சுகம். எலென் உயிரோடு என் பக்கத்தில் இருக்கிறாள்.'

ஜூலியேத் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். எழுத்து நகர்ந்தது.

"என்னம்மா? நல்ல சேதிதானே?"

"உசிரோட இருக்கா" என்றாள். "எலென் உசிரோட இருக்காண்ணே."

"தாயே மாரியம்மா!" அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அழாத. பூரா படி. படி."

படித்தாள்.

'உன்னிடம் மறைக்கக் கூடாது. அவளுக்கு உடம்பு சரியில்லை. வரும் வழியிலேயே ஏதோ ஆரம்பித்துவிட்டது. கரையிறங்கினபோது முகாம் டாக்டர் எடை பார்த்தார். வீட்டில் பத்தொன்பது இருந்த பிள்ளை, பதினெட்டு. அதற்குப் பிறகு வாரா வாரம் குறைகிறது. நேற்றுப் பன்னிரண்டு. பேதி இல்லை, காய்ச்சல் இல்லை, கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. எங்கே போகிறது என்று டாக்டருக்கே புரியவில்லை. புகையும் மருந்து வாடையுமாக ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், சொல்லி வைத்தாற்போல விழித்துக்கொண்டு அழுகிறாள். "மம்மான், அதுக்குக் குடுக்காதே, அதுக்குக் குடுக்காதே" என்று அழுகிறாள். எதுக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீதான் ஜெபிக்க வேண்டும்.'

அவ்வளவுதான் கடிதம்.

ஜூன் இருபது. சமையலறை நிலைக்கட்டையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கரித்துண்டு எழுத்துகள் மனசுக்குள் வரிசையாக இறங்கின. ஜூன் நடுவில் ஒன்பது. முயலுக்கு இரண்டு போனால் ஏழு. பத்தொன்பதில் ஏழு போனால்.

பன்னிரண்டு.

அதற்குக் கீழே பதினாலு. பதினாறு. பதினெட்டு. இன்று காலை, அவள் கையால், இருபது.

"தங்கச்சி? என்னம்மா ஆச்சு? ஏன் இப்படிப் பாக்குற?"

பத்தொன்பது கிலோப் பிள்ளையில் பதினெட்டை அவள் கரண்டியால் ஊட்டி, வயிறு நீவி, தாலாட்டி, இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அங்கே கொட்டகையில், விரித்த துணியின் மேல், ஒரு கிலோ மிச்சம் இருந்தது.

மத்தியானக் கஞ்சிக்கு நேரம் ஆகியிருந்தது.

உள்ளே கொக்கி கிறீச்சிட்டது.

ராமாமிர்தத்துக்கும் கேட்டது. "உள்ள யாரும்மா?" என்றார், கிசுகிசுப்பாக.

"மம்மான்."

இதுவரை அது பேசியதில்லை. எலெனுடைய குரல்தான். தூக்கத்திலிருந்து எழுந்து, மூக்கடைத்துக்கொண்டு, கொஞ்சம் கோபமாகக் கூப்பிடுகிற குரல்.

"மம்மான், பசிக்குது."

ராமாமிர்தம் படியில் இறங்கினார். ஓடினார். ஒரு செருப்பு தங்கிவிட்டது. ஜூலியேத் ஓடவில்லை. ஓடி எங்கே போவது? எந்தத் தண்ணீரைத் தாண்டி?

கடிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு திரும்பினாள். கூடம். கூடத்தைத் தாண்டிச் சமையலறை நிலைவாசல். நடுப்பகல் வெயில் ஜன்னல் வழியாக நேராக விழுந்திருந்தது. எதுவும் மறைவாக இல்லை.

கிட்டப் போனாள். பாய் காலியாக இருந்தது.

தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கி வைக்கவில்லை. அதுவே ஏறி உட்கார்ந்திருந்தது. பழுப்பு முடி, நிமிர்ந்த காது, அசையாத மூக்கு. ஒரு முயல். தூளியின் துணி அதன் பாரத்தில் இழுபட்டு நூல் நூலாகத் தெரிந்தது.

கொல்லலாம். அரிவாள்மணை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கொன்றால் பதினெட்டும் கடல் தாண்டித் திரும்பிப் போகுமா, இங்கேயே தரையில் ஓடி வடிந்துவிடுமா? பட்டினி போடலாம். பட்டினியில் செத்துப்போவது எது? எவள்? அடுப்பில் கஞ்சி கொதித்துத் தளும்பிற்று. அவள் கை அதுவாகவே சின்னக் கரண்டியை எடுத்திருந்தது. எப்போது எடுத்தாள்?

கரண்டியைக் கீழே போட்டாள். போட்டுவிட்டாள். எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டாள்.

தராசைப் பார்த்தாள்.

முள் இருபதில் இல்லை. இருபதைத் தாண்டியிருந்தது. நின்றுகொண்டும் இல்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதுபோல, உற்றுப் பார்த்தால் தெரியாமல், கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் தெரிவதுபோல, இருபத்தொன்றை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"வேணாம்" என்றாள். "வேணாம். வேணாம்மா."

அது அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. அகலமாக. ஒரு வாய்க்காகக் காத்திருக்கிற பிள்ளை திறப்பதுபோல. முன்னால் இரண்டு நீண்ட மஞ்சள் பல். அவற்றுக்குப் பின்னால், ஈரமான சிவந்த ஈறில், வெயில் நேராகப் பட்டு, வரிசையாகச் சின்னச் சின்னப் பால் பற்கள்.